மந்திரித்த கல்லும் புதுச் சாலையும்

காலை 6.20. செகந்தராபாத் நிலையத்தில் நான் இறங்கும்போதே, அழைக்க வந்த அத்தான் முகம் சரியில்லை. லாலாகுடா ரயில்வே பட்டறையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர், லேசில் அசைகிற ஆளில்லை. "இன்னைக்குத்தான்டா கடைசி நாள். நாலு மணிக்குள்ள மனு குடுக்கணும்" என்றார். இங்கிலீஷில் மனு எழுதத்தான் அக்கா என்னைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்திருந்தாள்.

வெளியே பக்கத்து வீட்டு யாதகிரி ஆட்டோவோடு நின்றார். உப்பல் தாண்டிப் பதினொரு கிலோமீட்டரில் அக்கா வீடு. வழியெல்லாம் மனை விற்கும் கொடிகள்.

8.15. அக்கா கல்லைக் காட்டினாள். அவள் வீட்டுக்கும் யாதகிரி வீட்டுக்கும் பொதுவான மேற்குச் சுவரின் மூலையில் இருந்தது. சிவப்பில் ஏதோ எண். மனை வாங்கியபோது எல்லைக்கல் என்று நினைத்து, மாதா கோயில் பங்குச் சாமியாரை அழைத்து மந்திரிக்க வைத்து, சனிக்கிழமைதோறும் மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறார்கள். போன மாதம் அளக்க வந்தவர்கள் நேராக அந்தக் கல்லிடம் வந்தார்களாம். நகரத்தைச் சுற்றி வரப்போகும் சாலையின் நடுக்கோடு அது. "நாங்களே அதுக்குக் காவல் இருந்துருக்கோம்டா" என்று அழுதாள்.

11.40. திட்ட அலுவலகத்தின் சுவர் முழுக்க வரைபடம். ஏரிக்கு நீலம், ஆலைக்கு ஊதா, குடியிருப்புக்கு மஞ்சள். ஜனங்கள் விரலை வைத்துத் தங்கள் வீட்டைத் தேடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் இடத்தில் சாலையின் கறுப்புப் பட்டை ஓடியது. சாலை வேண்டாம் என்று மட்டும் எழுதினால் தள்ளிவிடுவார்கள், எந்தப் பக்கம் எத்தனை அடி நகர்த்த வேண்டும் என்று எழுதணும் என்றார் எழுத்தர்.

2.30. வராந்தாவில் உட்கார்ந்தோம். அத்தான் குரலைத் தாழ்த்தினார்.

"மேற்கே நூறடின்னு போடு."

"மேற்கே யாதகிரி அண்ணன் வீடுல்லா இருக்கு?"

"ஹவ், தெரியும். பேச்சு நக்கோ, எழுது." ஆமாம், வேண்டாம் என்பதெல்லாம் அவர் வாயில் இந்த ஊர் உருதுவில்தான் வரும்.

வெட்கமாக இருந்தது. ஆனாலும் அக்கா அழுத முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது. எழுதினேன்.

3.35. வரிசையில் யாதகிரி எங்களுக்கு முன்னால். எழுத்தர் ஒவ்வொரு மனுவையும் உரக்கப் படித்துவிட்டுப் பதிவு செய்தார். எனக்குத் தெலுங்கு வராது. யாதகிரியின் மனுவைப் படித்ததும் அத்தான் என் தோளை இறுகப் பிடித்தார்.

"கிழக்கே நூறடியாம்டா. நம்ம வீட்டு மேல."

அடுத்து எங்கள் மனு. அதையும் எழுத்தர் அதே உரத்த குரலில் தெலுங்கில் சொன்னார். யாதகிரி திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு மனுவிலும் ஒரே கல்லின் எண்தான் என்று இரண்டையும் சேர்த்துக் குண்டூசி குத்தி வைத்தார்கள். முடிவு தெரிய மூன்று மாதமாகுமாம்.

4.10. அந்தப் பக்கம் போக வேறு வண்டி கிடையாது. யாதகிரி ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு நின்றார். "ஏறுங்க அண்ணா" என்றார், எங்களைப் பார்க்காமல்.

ஏறினோம். நாளைக்கு நான் ரயிலேறிவிடுவேன். மூன்று மாதமும் அவர்களுக்கு நடுவில் இருக்கப்போவது அந்த ஒரே சுவர். சாலையைவிட எனக்கு அதுதான் அதிகப் பயமாக இருந்தது.