சயாமுக்குப் போன சைக்கிள்

தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனதும் கணக்கெழுதும் என் கிராணி வேலையும் அவரோடு ஓடிப்போனது. கூலிம் டவுனுக்கு வந்து, மூடிக் கிடந்த ஒரு துணிக்கடை வாசலில் மேசை போட்டேன். ஜப்பான்காரன் ஆட்சியில் சைக்கிளுக்கு வரி, நாய்க்கு வரி, கடைப்பலகைக்கு வரி. ஃபாரம் நிரப்பிக் கொடுத்தால் எனக்குக் கூலி இரண்டு மரவள்ளிக்கிழங்கு.

பாக்கி வைத்தவர்களுக்கு ஃபாரம் மட்டும் போதவில்லை. வரி ஆபீஸ் அதிகாரி, பாக்கிக்காரன் உள்ளே நுழைந்ததும் முதலில் ஓர் அறை விடுவார். பிறகுதான் என்ன விஷயம் என்று மலாயில் கேட்பார். அந்த அறைக்குப் பயந்தே பாதிப் பேர் அந்தப் பக்கம் போவதில்லை. பார்த்தேன், தொழிலை விரித்துவிட்டேன். அவர்களுக்குப் பதிலாக நானே போய்த் தவணை வாங்கித் தருவது. ஆஜராக ஒரு வாத்து முட்டை, அறை விழுந்தால் இன்னொன்று. என் மனைவி என் கன்னத்துக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே, "இதெல்லாம் ஒரு பொழப்பாங்க?" என்பாள். "ஏன், முட்டை கசக்குதா?" என்று எரிந்து விழுவேன்.

ஒருநாள் ஒரு நாவிதர் வந்தார். சைக்கிளில் தோட்டம் தோட்டமாகப் போய் முடி வெட்டுகிறவர். கையிலிருந்த நோட்டீசை மேசையில் வைத்தார்.

"அண்ணே, சைக்கிள் வரி பாக்கியாம். கட்டலேன்னா சயாம் லிஸ்ட்ல பேரு ஏறிடுமாம். வீட்டுக்காரிக்கு எட்டு மாசம்ணே."

சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போனவர்களில் அதுவரை ஒருவரும் திரும்பி வந்து நாங்கள் பார்க்கவில்லை.

"கட்டித் தொலைக்க வேண்டியதுதானே?"

"கட்ட டூயிட் ஏது? சைக்கிளையே சோல்ஜர் புடுங்கிட்டுப் போயிட்டான். இல்லன்னு சொன்னா நம்பர் பிளேட்டைக் கொண்டாங்கிறாங்க. பிளேட்டு சைக்கிள்ல இருக்கு, சைக்கிள் சோல்ஜர்கிட்ட இருக்கு. நான் எங்க போவேன் லா?"

எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் கொதித்து என்ன செய்ய? பிடுங்கினார்கள் என்று எழுதினால் ராணுவத்தின் மேல் புகார், தலை போகும். தொலைந்தது என்றால் அரசாங்கப் பிளேட்டைத் தொலைத்த குற்றம். கொடுத்தேன் என்றால் ரசீது எங்கே என்பார்கள். இரண்டு நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டு, கடைசியில் இப்படி எழுதினேன்: "மேற்படி சைக்கிள் தன் சொந்த விருப்பத்தின் பேரில் பேரரசரின் படையில் சேர்ந்துவிட்டது."

அதிகாரி வழக்கம்போல் அறைந்துவிட்டு வாங்கிப் படித்தார். மறுபடி படித்தார். எழுந்தார். நான் அடுத்த கன்னத்தைத் தயார் செய்தேன். அவரோ தோக்கியோ இருக்கும் திசை என்று நம்பிக் கக்கூஸ் பக்கமாகத் திரும்பி, இடுப்பு வரை குனிந்து வணங்கினார். நானும் குனிந்தேன்.

"வயது என்ன?"

"ஆறு, துவான்."

"கெட்ட பழக்கம் ஏதாவது?"

"பிரேக் பிடிக்காது, துவான்."

படையில் இருப்பவரிடம் வரி கேட்பது அவமரியாதை என்று பாக்கியைத் தள்ளுபடி செய்தார். அந்த ஆபீசில் வரிக்கும் சயாமுக்கும் ஒரே மேசைதான். இடது இழுப்பறை வரி, வலது இழுப்பறை ஆள். வலதைத் திறந்து லிஸ்ட்டை எடுத்து, நாவிதர் பெயரைச் சிவப்பு மையால் அடித்தார். எனக்கு மூச்சு வந்தது. பிறகு பேனாவை என்னிடம் நீட்டினார். ஒரு பெயர் போனால் ஒரு பெயர் வர வேண்டுமாம், எண்ணிக்கை குறையக்கூடாதாம்.

யார் பெயரை எழுதுவேன்? யார் தாலியை என் கையால் அறுப்பேன்? சட்டென்று சைக்கிளின் பிளேட் நம்பரை எழுதினேன். இருநூற்றுப் பதினேழு. அவர் லிஸ்ட்டை மேலிருந்து கீழாக எண்ணினார், சரியாக இருந்தது, முத்திரை குத்தினார்.

சயாமுக்கு ஆள் ஏற்ற லாரி வந்த அன்று காலையில் நாவிதர் மேசைக்கு ஓடிவந்தார். "பேரைக் கூப்பிட்டுருவானுங்களோ என்னவோண்ணே. கூட வாங்க." பயந்தாங்கொள்ளி என்று திட்டிக்கொண்டே திடலுக்குப் போனேன். சிப்பாய் பெயர் பெயராக வாசிக்க, ஒவ்வொருவராக ஏறினார்கள். நாவிதர் பெயர் வரவில்லை. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இருநூற்றுப் பதினேழு!"

யாரும் அசையவில்லை. சிப்பாய் தலைகளை எண்ணினான். ஒன்று குறைந்தது. கத்தினான். என் வாய் சும்மா இருந்திருக்கலாம். நான்தான் ஆஜராகிப் பழகியவனாயிற்றே! முன்னால் போய்க் குனிந்து, நல்ல மலாயில் ஆரம்பித்தேன்: "துவான், அது ஆள் இல்லை, சைக்கிள்."

அறைந்தான். முட்டைக் கூலி பேசாமல் நான் வாங்கிய முதல் அறை அதுதான். பிறகு சட்டையைப் பிடித்துத் தூக்கி லாரியில் போட்டான்.

அங்கே பட்டதைச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. சண்டை முடிந்து எலும்பாகத் திரும்பினேன். நாவிதர்தான் அழுதுகொண்டே என் தலையை மழித்தார். நான் இல்லாத காலமெல்லாம் வாரம் தவறாமல் என் மனைவிக்கு ஒரு வாத்து முட்டை கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார், மகராசன்.

பிறகு, சயாமுக்குப் போனவர்களுக்குச் சம்பளப் பாக்கி தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு பழைய வரி ஆபீசுக்கே போனேன். புதுக் கிராணி பழைய லிஸ்ட்டை மேலும் கீழும் பார்த்தார். என் பெயர் இல்லை. இருநூற்றுப் பதினேழைக் காட்டி, சைக்கிள் கதையைச் சொல்லி, "இது நான்தான் தம்பி" என்றேன். அது என் கையெழுத்துத்தான், அழகாக இருந்தது.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதான்னா, பிளேட்டைக் கொண்டாங்க."