செவ்வாய்க்குப் போகும் பேரன்

பூமி தாங்காது என்று ஒரே மகளோடு நிறுத்திய என்னை, ஐந்து பெற்றவர் இன்று தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கேலி செய்தார்.

என்னோடு வேலை பார்த்த சுந்தரம்தான். "எம்பேரன் செவ்வாய்க்குப் போறான்" என்றார்.

"செவ்வாய்க்கிழமை மலை மந்திர் முருகன் கோயில்ல கூட்டமா இருக்குமே" என்றேன்.

"கிழமை இல்லய்யா, கிரகம்! ராக்கெட் படிக்கிறான். பூமில இடமில்லேன்னு நீர் ஒண்ணோட நிறுத்தினீர். எங்க வம்சம் வேற பூமியே பிடிக்கப் போகுது."

கடைக்காரரும் சிரித்தார். எனக்குப் பேரன் பேத்தி கிடையாது. வயிறு எரிந்தது.

சுந்தரம் முதலில் பாலித்தீன் பையை விட்டுத் துணிப்பை தூக்கட்டும். அவர் பேரன், அங்கே குப்பையை எங்கே கொட்டுவதென்று முடிவுசெய்துவிட்டுக் கிளம்பட்டும்.

முகநூல் நண்பர்களே, நான் ஒன்றோடு நிறுத்தியது சரியென்று கீழே எழுதுங்கள். உங்கள் பேரக்குழந்தைகளின் படங்களை மட்டும் ஒரு வாரத்துக்குப் போடாதீர்கள்.