வீடு இருக்கிறவளுக்கு வீடு இல்லை

எங்கள் பக்கத்தில் கலியாணப் பேச்சு தொடங்கினால் முதற் கேள்வியே "பெம்பிளைக்கு வீடு இருக்கோ?" என்பதுதான். படிப்பு, நிறம், சாதகப் பொருத்தம் எல்லாம் அதற்குப் பிறகு. அந்தக் கேள்விக்குத் தலை நிமிர்ந்து "ஓம்" என்று சொல்வதற்காகவே அப்பா கொழும்பில் ஒரு கடையில் நின்று உழைத்தார். நான் பள்ளிக்கூடம் முடிக்க முன்னமே அத்திவாரம் வெட்டியாயிற்று. நாலு அறை, விறாந்தை, கட்டுக்கிணறு, சுற்றுமதில். காணி உறுதிப் பத்திரம் என் பெயரில். இப்படி வளர்ந்த ஒருத்தி, சுவிஸில் ஒரு அலுவலக மேசைக்கு முன்னால் போய் இருந்தவுடன் வேறு பதில் சொல்வாள் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

எண்பதுகளின் கடைசி அது. சோலோதுர்னிலிருந்து பஸ்ஸில் போக வேண்டிய ஒரு சின்னக் கிராமம். என்னைக் கட்டிய இவருக்கு அங்கேயிருந்த ஒரே சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை. கடைக்கு மேலே, கூரைக்குக் கீழே, ஒரு சரிவான அறையில் இருந்தோம். நேராக நிமிர்ந்து நிற்க அறையின் நடுப்பகுதியில் மட்டும்தான் முடியும். அதற்குள் நான் பிள்ளைத்தாய்ச்சி. வயிறு தெரியத் தொடங்கியதும் கடைக்காரி இவரைக் கூப்பிட்டு, கீழ்மாடியில் விருந்தினர் படுக்கிறார்கள், இரவில் குழந்தை அழுதால் சரிவராது, பிள்ளை பிறக்க முன்னம் வேறு இடம் பாருங்கள் என்று சொல்லிவிட்டாள். மரியாதையாகத்தான் சொன்னாள். மரியாதையாகச் சொன்னால் மட்டும் நெஞ்சு பதறாமல் இருக்குமா? பிரசவத்துக்குப் போகிறவள் திரும்பி எங்கே வருவது என்பதே என் யோசனையாகிவிட்டது.

அந்த நேரம்தான் கிராமசபை பல குடும்பங்கள் இருக்கக்கூடிய ஒரு மாடிவீடு கட்டி முடித்திருந்தது. இளம் குடும்பங்கள் எல்லாம் பட்டணத்துக்குப் போய், பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் இல்லாமல் போகிறது என்ற பயம் அவர்களுக்கு. அதனால் அரசாங்கம் பொறுப்பு நிற்க, வங்கியில் கடன் எடுத்துக் கட்டினார்கள். அரசாங்கம் பொறுப்பு நின்ற கடன் என்றபடியால் வாடகை குறைவு. ஆனால் யாருக்குக் கொடுப்பது என்பதில் கடும் நிபந்தனை. கிராமத்திலேயே வேலை இருக்க வேண்டும், வருமானம் குறைவாக இருக்க வேண்டும், வதிவிட அனுமதி இருக்க வேண்டும். எல்லாம் எங்களிடம் இருந்தன. குழந்தையும் வருகிறது. "எங்களுக்குத் தராமல் வேற ஆருக்குக் குடுக்கப் போறாங்கள்?" என்று இவர் சொன்னார். நானும் நம்பினேன். அந்த வீட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம், இன்னும் திரைச்சீலை போடாத யன்னல்களைப் பார்த்து எது குசினி, எது படுக்கையறை என்று மனதுக்குள் பிரித்துக்கொண்டிருந்தேன்.

கெமைண்ட என்கிற கிராமசபை அலுவலகத்தில் எங்களை விசாரித்தவர் கண்ணாடி போட்ட, மெலிந்த மனிதர். கேள்வி கேட்பார், இவர் தனக்குத் தெரிந்த டொச்சில், அதுதான் ஜேர்மன் மொழியில், பதில் சொல்வார். கடைசியாக, சுவிஸிலோ வேறு நாட்டிலோ சொந்தமாக வீடு இருக்கிறதா என்று கேட்டார். இவர் "இல்லை" என்றார். பொய்யில்லை. இவர் பெயரில் ஒரு கோழிக்கூடுகூட இல்லை. பிறகு அந்த மனிதர் என் பக்கம் திரும்பி, அதையே என்னிடம் கேட்டார்.

'ஹவுஸ்' என்ற சொல் எனக்குத் தெரியும். என்ன நினைத்தேன் என்றால், வீடு வாசல் உள்ள குடும்பத்துப் பெண்ணா, கொடுக்கிற வீட்டைக் கவனமாக வைத்திருப்பாளா என்று பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். "யா, யா! ஹவுஸ்!" என்றேன். விரலை மடக்கி நாலு அறை காட்டினேன். கிணறு என்று டொச்சில் சொல்லத் தெரியாமல் வாளியால் அள்ளிக் காட்டினேன். இவர் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். நான் குறுக்கே பேசுவது பிடிக்காமல் மிதிக்கிறார் என்று நினைத்து இன்னும் பலமாகச் சொன்னேன். கண்ணாடிக்காரர் எல்லாவற்றையும் பொறுமையாக எழுதிக்கொண்டார். பிறகு பேனையை வைத்துவிட்டு, வருத்தமான முகத்தோடு இவரிடம் ஏதோ சொன்னார். அது என்னவென்று பிறகுதான் அறிந்தேன்: வீடு உள்ளவர்களுக்கு இந்த வீடு இல்லை. ஊரில் உள்ள வீடு குடியிருக்க முடியாததென்றால் அதற்கு ஊரிலிருந்து அத்தாட்சி வேண்டும்.

வழியெல்லாம் இவர் எனக்கு முன்னால் விறுவிறென்று நடந்தார். அறைக்கு வந்து, தலை கூரையில் இடிபட, வெடித்தார்.

"உம்மட சீதன வீட்டைத் தலையில தூக்கி வைச்சுக்கொண்டு ஆடும்! பிள்ளையையும் அதுக்குள்ளயே கொண்டுபோய் வளத்தும்!"

"இருக்கிறதை இருக்கு எண்டுதானே சொன்னனான்! இல்லாத வீட்டையே சொன்னனான்?"

"இருந்தென்ன? இண்டைக்குப் போய் அதில படுக்க ஏலுமோ?"

ஆத்திரத்தில் ஒரு நாள் முழுக்க இவருடன் கதைக்கவில்லை. ஆனால் வயிற்றில் இருந்த பிள்ளைக்கு என் ரோசம் விளங்குமா? கடைசியில், அப்பாவிடம் சொல்லி ஒரு பொய்க் கடிதம் எடுப்பதென்று முடிவெடுத்தோம். வீடு இடிந்துவிட்டது என்று ஊர் அதிகாரியான விதானையாரிடம் எழுதி வாங்கச் சொல்ல வேண்டும். பார்த்துப் பார்த்துக் கட்டிய மனிதரிடம் இதைக் கேட்கிறோமே என்று எனக்குக் கூசியது. நாட்டில் சண்டை தொடங்கிய பிறகு ஊருக்கு ரெலிபோன் லைன் கிடைப்பதே பெரும்பாடு. அப்பா பட்டணத்தில் ஒரு கடைக்கு வந்து எங்கள் அழைப்புக்காகக் காத்திருப்பார். ஒவ்வொரு முறையும் நான் கேட்பேன், "வீடு எப்பிடியப்பா?" ஒவ்வொரு முறையும் அவர் சொல்வார், "அதுக்கென்ன, அப்பிடியே இருக்கு."

இந்த முறை நான் அதைக் கேட்கவில்லை. விசயத்தைச் சொன்னேன். சொல்லிவிட்டு, "குறை நினையாதேங்கோ அப்பா, கடுதாசியில மட்டும்தான். எங்களுக்கு வேற வழியில்லை" என்றேன்.

லைன் அறுந்துவிட்டதென்று நினைத்து "ஹலோ, ஹலோ" என்று கத்தினேன்.

"நிக்கிறன் பிள்ளை," என்றார். "விதானையார் பொய் எழுதத் தேவையில்லை. மாரிக்கு முந்தியே செல் குண்டு விழுந்து வீடு முழுக்க இடிஞ்சு போட்டுது. சுவருகளும் இல்லை. நானும் அம்மாவும் சின்னம்மா வீட்டிலதான் இருக்கிறம்."

"ஏனப்பா சொல்லேல்லை?"

"சொல்லி என்ன, நீ அங்க தனிய இருந்து அழுவாய். பிறகு வயித்துப்பிள்ளைக்காரி எண்டும் அறிஞ்சம்." அவரே தொடர்ந்து, "கடுதாசி உடன அனுப்புறன். நீ வீட்டை எடு" என்றார்.

நான் விரல் மடக்கி அறைகளை எண்ணிக் காட்டிய அந்த நாளில் அங்கே ஒரு அறையும் இருக்கவில்லை. அந்தக் கண்ணாடிக்காரர் கேட்ட தகுதி என்னிடம் எப்போதோ வந்துவிட்டது, எனக்குத்தான் தெரியாது.

கொழும்பிலிருந்து வந்த ஒருவர் கடிதத்தைக் கொண்டுவந்து தந்தார். மூச்சு வாங்க வாங்க இவருடன் மறுபடியும் அலுவலகத்துக்குப் போனேன். இந்த முறை நானே சொல்கிறேன் என்று இவரிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். "ஹவுஸ் கபுத்," என்றேன். இடிந்த வீட்டுக்கு என்னிடம் இருந்த டொச் அவ்வளவுதான். கண்ணாடிக்காரர் கடிதத்தின் முத்திரையை உற்றுப் பார்த்தார். தமிழை எப்படி வாசிப்பார்? பிறகு கண்ணாடியைக் கழற்றி, என் வயிற்றைப் பார்த்து, "குவெட்" என்றார்.

நல்லது என்றார்.

இவர் எழும்பி நின்று அவருக்குக் கைகொடுத்தார். வீடு எங்களுக்குத்தான். 'சரி, அலுவல் முடிந்தது' என்பதற்கு இங்குள்ளவர்கள் 'குவெட்' என்றுதான் சொல்வார்கள் என்று இவர் படியிறங்கும்போது எனக்கு விளங்கப்படுத்தினார். அது எனக்கும் தெரியும். கடைசிப் படியில் இருந்துகொண்டு, அந்தக் கட்டிடத்தில் உள்ளவர்கள் எல்லோரும் யன்னலைத் திறந்து பார்க்கும்படி குழறி அழுதேன்.