இலவசப் பட்டமும் எடுக்காத போனும்

அந்த ஆஸ்பத்திரிக்கு போன் செய்கிறவர்கள் காதில் முதலில் விழுவது ஆபரேட்டரக்காவின் குரல். அவள் ‘வணக்கம்’ சொன்னாலே பாதிக் காய்ச்சல் இறங்கிவிடுகிறது, டாக்டர்கள் பிழைப்பில் மண் விழுகிறது என்று வாட்ச்மேன் கதை கட்டிவிட்டிருந்தார். மாடிப்படிக்கு அடியில் ஒரு பொந்து, பொந்துக்குள் நாலு லைன் கொண்ட போர்டு, போர்டுக்கு முன்னால் அவள். விளக்கு மினுக்கினால் போதும், மூளைக்குச் சேதி போகும் முன்பே கை போய் அமுக்கிவிடும். ஒருதரம் பேருந்தில் ஏதோ சிவப்பு விளக்கு மினுக்க, பக்கத்தில் இருந்தவர் சட்டைப் பொத்தானை அமுக்கி, “சொல்லுங்க, யார் வேணும்?” என்று கேட்டுவிட்டாள்.

புதுக் கட்டடம் வரும், அதோடு தானே பேசும் மெஷினும் வரும் என்று நாலு வருஷத்துக்கு முன்பு பேச்சு எழுந்தது. ஆபரேட்டர் வேலை போய்விடும். பட்டம் இருந்தால் ரெக்கார்டு பிரிவுக்கு மாற்றுவார்கள், இல்லையென்றால் வீட்டுக்கு. வீட்டிலோ, ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்த கணவர் படுக்கையில். அவரைப் பார்த்துக்கொள்ளக் கணவரின் அக்கா. மூன்று வயிறும் இந்த ஒரு குரலை நம்பித்தான் இருந்தன.

காசு கட்டிப் படிக்க வழியில்லை. இலவசப் பட்டம் எங்கே கிடைக்கும் என்று செல்போனில் தேடித் தேடிக் கண் பூத்துப்போனது. ஒரு வலைத்தளம் மூன்றே நாளில் டாக்டர் பட்டம் தருவதாகச் சொன்னது. இன்னொன்று ‘எல்லாம் இலவசம்’ என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய், கடைசிப் பக்கத்தில் எறும்புக் கால் எழுத்தில் தேர்வுக்குத் தனி, சான்றிதழுக்குத் தனி, தபாலுக்குத் தனி என்று நீட்டியது. மூன்றாவதன் எண்ணுக்கு போன் போட்டால் ஒருவர் எடுத்து, “பல்கலைக்கழகமா? ஆமாமா. ஷூ சைஸ் சொல்லுங்க” என்றார்.

“உனக்கெதுக்குடி இந்த வயசுல பட்டம்? நூலு வாங்கித் தரேன், மொட்டை மாடியில போய் விடு” என்றார் நாத்தனார்.

“நீங்க வாலைப் பிடிங்க அண்ணி, நான் விடுறேன்.”

கடைசியில் மெய்யாகவே ஒன்று அகப்பட்டது. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சேர்ந்து நடத்தும் அஞ்சல்வழிக் கல்லூரி. பாடம் இலவசம், பதிவுக்கு மட்டும் பேருந்துக்காசு போல ஏதோ கொஞ்சம். பொருளாதாரம் எடுத்தாள். வெங்காயம் உரித்துக்கொண்டே படித்ததில், எந்தக் கண்ணீர் எதற்கு என்று அவளுக்கே தெரியாது. எல்லாத் தாளும் தேறி, வாய்மொழித் தேர்வு ஒன்றுதான் பாக்கி. அதுவும் போனில்தான். விட்டால் மறுபடி ஆறு மாதம் கழித்து. மெஷினோ பெட்டியோடு நடைபாதையில் வந்து இறங்கிவிட்டது. அடுத்த மாதம் மாட்டப் போகிறார்கள்.

தேர்வு வேலை நேரத்தில் வந்து விழுந்தது. அரை மணி நேரம் விடச் சொல்லிக் கேட்டதற்கு மேலாளர், “அடுத்த மாசம் நிரந்தரமா லீவுதானேம்மா, இப்ப என்ன அவசரம்?” என்று சிரித்தார். பொந்துக்குள் செல்போனுக்கு டவர் கிடைக்காது. வேறு வழியில்லாமல் ஆஸ்பத்திரியின் இரண்டாம் லைன் எண்ணைக் கொடுத்தாள். மற்ற லைன்களைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சத்தியம் செய்த வாட்ச்மேனை, தேர்வாளர் அழைத்த அந்த நேரம் பார்த்து, ஸ்ட்ரெச்சர் தூக்கக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

முதல் கேள்விக்குப் பதில் ஆறாக ஓடியது. “நல்லது. ரெண்டாவது கேள்வி, கேளுங்க...” என்று அவர் ஆரம்பித்தார். மூன்றாம் விளக்கு மினுக்கியது. “ஒரு நிமிஷம், லைன்லயே இருங்க” என்றது வாய். கை அவரைக் காத்திருப்பில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தது. யாரோ எக்ஸ்ரே பிரிவைக் கேட்டார். இணைத்துக் கொடுத்தபிறகுதான் தான் செய்தது அவளுக்கு உறைத்தது. இரண்டாம் லைனை அமுக்கினாள்.

“ஐயா... ஐயா, இருக்கீங்களா?”

“இருக்கேம்மா. கர்ப்பிணிகள் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடணும்னு உங்க டேப்புல ஒரு அம்மா ரெண்டு தரம் சொன்னாங்க. சரின்னுட்டேன்.”

“மன்னிச்சிடுங்கய்யா. கைப்பழக்கம்.”

“நான் எத்தனையோ பேரை ஃபெயில் போட்டிருக்கேன். என்னை ஹோல்டு போட்டவங்க நீங்க ஒருத்தர்தான்.” குரல் இறுகியது. “ஆனா விதி விதிதான். ரெண்டாவதுக்கு நேரம் போச்சு, முட்டை. மூணாவதை நடுவுல நிறுத்தாம முழுசா சொன்னா தேறலாம். இன்னொரு தரம் லைன் அறுந்தா தேர்வுக்கே வரலைன்னு எழுதிடுவேன். பணவீக்கம் எதனால வருது, யாரை அடிக்குது? சொல்லுங்க.”

வாயைத் திறந்தாள். நாலாம் விளக்கு மினுக்கியது.

வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அவள் ஒரு விளக்கையும் தானாக அணைய விட்டதில்லை. யாராயிருக்கும்? பிரசவ வலியா, மூச்சுத் திணறலா, விழுந்த குழந்தையா? வலது கை எழுந்தது. இடது கையால் அதன் மணிக்கட்டைப் பிடித்து மடியில் அழுத்திக்கொண்டாள். தன் கையைத் தானே கைது செய்த கோலம்.

“சரக்கு குறைஞ்சு... கையில புழங்குற பணம் கூடுனா...” என்று தொடங்கினாள். விளக்கு மினுக்கியது. கூலிக்காரரைச் சொன்னாள், ஓய்வூதியக்காரரைச் சொன்னாள். கண்ணை மூடினால் இமைக்குள்ளேயும் அந்தச் சிவப்பு. குரல் மட்டும் பிசிறாமல் ஓடியது. கண்ணீர் தாடையில் சொட்டியது. சேமிப்பு கரைவதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது விளக்கு அணைந்தது. யாரோ காத்துக் காத்துக் கைவிட்டுவிட்டார்கள்.

பதிலை முடித்தாள்.

மறுமுனையில் பேனா கீறும் சத்தம். “எல்லையில நின்னு தப்பிச்சிட்டீங்க. தேறிட்டீங்கம்மா. அடுத்தது என்ன படிக்க உத்தே...”

“வெச்சிடுறேங்கய்யா. மன்னிக்கணும், லைன் வேணும்.”

பட்டதாரி நாலாம் விளக்கையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யார் அழைத்தது என்று அந்தப் பழைய போர்டு சொல்லாது. ஸ்ட்ரெச்சரை விட்டுவிட்டு ஓடிவந்த வாட்ச்மேன், “என்னக்கா ஆச்சு, பாஸா?” என்றார். “பேசாதீங்க” என்றாள், கண்ணை எடுக்காமல்.

விளக்கு மினுக்கியது. பாய்ந்து எடுத்தாள்.

“ஏம்மா, ஆஸ்பத்திரியா சுடுகாடா அது? எவ்வளவு நேரம் அடிக்கிறது! எடுக்க ஒரு நாதி இல்லையா?” என்று ஒரு கிழக்குரல் வெடித்தது. பல் டாக்டர் என்றைக்கு வருவார் என்று கேட்கத்தான்.

“இப்பதான் அடிச்சீங்களா ஐயா? நீங்கதானா?”

“நானேதான்! பின்ன, என் ஆவியா?”

“திட்டுங்கய்யா” என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. “நல்லாத் திட்டுங்க, கேட்டுக்கிட்டிருக்கேன்.”