அக்கா கிதாரின் சீட்டு

மாமா அக்காவுக்குப் பழைய கிதாரும் எனக்குப் புதுக் கிதாரும் கொடுத்தார். வீட்டில் எல்லோரும் என்னைத்தான் அதிர்ஷ்டக்காரி என்றார்கள். எனக்கோ வயிறு எரிந்தது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பொன்னேரியில் எங்கள் பின்தெருவில்தான் இருந்தார். ரயில்வே பட்டறையில் வேலை. கூட வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியர்கள் ஒவ்வொருவராக ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன காலம் அது. மற்றவர்கள் அவர்களிடம் கட்டிலும் பீரோவும் வாங்கினார்கள். மாமா கிதார் வாங்கினார். அவர் வீட்டுக் கட்டிலில் கிதார்கள் படுத்திருக்கும். அவர் தரையில் படுப்பார்.

அக்காவுக்குக் கொடுத்தது அவற்றிலேயே கிழடு. நகம் பட்டுப் பட்டு நிறம் போயிருந்தது. என்னுடையது கடையிலிருந்து நேராக வந்தது, செக்கச் செவேலென்று மின்னியது. ஆனால் அவளுக்கு இரண்டு கையாலும் கொடுத்தவர் எனக்கு ஒற்றைக் கையால் நீட்டினார். அதை நான் மறப்பேனா?

"அதுக்கு இன்னா மாமா அவ்ளோ மவுசு?" என்று கேட்டே விட்டேன்.

"மேல் பலகை ஒரே மரம். ஒரு ஆணிகூட மாத்தல. பாலிஷ் போட்டுக் கெடுக்கல, கீறல்கூட அப்டியே கீது. எல்லாத்துக்கும் மேல, உள்ளாற பாரு" என்று ஓட்டை வழியே டார்ச் அடித்தார். அடியில் மஞ்சளேறிய சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது. செய்தவர் பெயர், ஊர், ஒரு நம்பர். "இந்த சீட்டு இல்லன்னா இது வெறும் கட்டை."

எனக்கு அது போதும். ஒரு சனிக்கிழமை அக்கா சர்ச்சுக்குப் பாட்டுப் பழகப் போயிருந்தபோது, அவள் கிதாரின் கம்பிகளைத் தளர்த்திக் கையை உள்ளே விட்டேன். ஈரத்துணியால் ஊறவைத்துச் சீட்டை உரித்தேன். நம்பர் இருந்த மூலை கிழிந்தது. போனால் போகிறது என்று விட்டேன். சோற்றை நசுக்கி என் கிதாருக்குள் ஒட்டினேன். அதோடு நின்றேனா? கீறலும் வேண்டுமே என்று சிப்பி ஓட்டால் சிவப்பின் மேல் இழுத்தேன். கேட்டவர்களிடம் கீழே விழுந்துவிட்டது என்றேன். சுருதி கலைந்ததற்கு அக்கா மழையைக் குறை சொன்னாள்.

இரண்டு வாரம் கழித்து, பழைய கிதார் சேர்க்கும் ஒருவரை மெட்ராஸிலிருந்து மாமா அழைத்து வந்தார். அக்காவின் கிதாரை அவருக்கு விற்று, அந்தப் பணத்தில் அவளை டீச்சர் டிரெயினிங் சேர்ப்பதாக ஏற்பாடு. பெரியவர்கள் அதைப் பேசியபோது நானும் அங்கேதான் இருந்தேன். அக்கா, அக்கா என்று அவள் பேரைத் தவிர வேறெதுவும் என் காதில் ஏறவில்லை.

வந்தவர் சின்னக் கண்ணாடி ஒன்றை அக்கா கிதாருக்குள் விட்டுப் பார்த்தார். சீட்டு இருந்த இடம் வெளிறித் தெரிந்தது. பக்கத்தில் சாய்ந்திருந்த என்னுடையதிலும் விட்டார். சோற்றுப் பசையைச் சுரண்டினார்.

"சீட்ட மாத்தி ஒட்டி ரெண்டையும் தள்ளி உடலாம்னு பாத்தியா? உன்ன யோக்கியன்னு நம்பி இவ்ளோ தூரம் வந்தேன் பாரு."

அவர் செருப்பு மாட்டிக்கொண்டு போய்விட்டார். மாமா என் கிதாரின் கீறல்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கை ஓங்குவதற்குள் அக்கா குறுக்கே வந்தாள்.

"உடு மாமா. சின்னப் பொண்ணு, தெரியாம பண்ணிட்டா."

அந்த நல்ல பெயரும் அவளுக்கே போனதை என்னால் பொறுக்க முடியவில்லை.

அடுத்த மாதம் அக்கா கும்மிடிப்பூண்டியில் புதிதாகத் திறந்த ஒரு கம்பெனிக்கு அட்டைப்பெட்டி கட்டும் வேலைக்குப் போனாள். வழியனுப்ப நானும் ஸ்டேஷனுக்குப் போனேன். தோளில் புதுப் பை, கையில் புது டிபன் பாக்ஸ், அவள் பேர் எழுதிய ரயில் பாஸ். தினமும் ரயிலில் போகலாம். இத்தனையும் வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து அழுகிறாளே, இவளுக்கு இன்னும் என்னதான் வேண்டும் என்று நினைத்தேன். எனக்கும் அழுகை வந்தது, பொறாமையில்.