கொள்ளிடக்கரை விளக்குத் தூண்

கொள்ளிடத்தில் பாலம் வருவதற்கு முன் அக்கரைக்குப் படகுதான். பொழுது சாய்ந்து வரும் படகுக்குத் துறை தெரிய வேண்டுமே என்று செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கரையில் ஒரு விளக்குத் தூண் கட்டியிருந்தார்கள். தினமும் அதில் ஏறி விளக்கேற்றியவர் என் கொள்ளுத்தாத்தா. தூணின் அடியில் பதித்த கல்லில் அவர் பெயர் இருந்தது. ஒரு குழி நிலம்கூட இல்லாத எங்கள் தெருவில், கல்லில் பெயர் ஏறிய ஒரே ஆள் அவர்தான். எனக்கு அதில் கொஞ்சம் திமிரே உண்டு.

கரைச்சாலையை அகலப்படுத்தத் தூணை இடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், பெரம்பலூரில் இருந்தபடியே மனு மேல் மனு போட்டேன். பழைய கட்டடம்தானா என்று பார்க்க ஓர் அதிகாரி வருவதாகக் கடிதம் வந்தது. ஊரில் இருக்கும் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"ஆபீசர் வராருண்ணே. கொஞ்சம் சுத்தமா வச்சிருங்க."

அதோடு விட்டேன். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

போய் இறங்கினால் தூண் பளபளவென்று நிற்கிறது! அடியிலிருந்து உச்சிவரை சிமெண்டுப் பூச்சு, அதன்மேல் வெள்ளை பெயிண்ட். அரியலூர்ப் பக்கம் கோயிலோ பள்ளிக்கூடமோ, பெரிய ஆள் வருகிறார் என்றால் இதுதான் மரியாதை. அண்ணன் புதுச்சட்டையில் சிரித்துக்கொண்டு நின்றார்.

"கல்லு எங்கண்ணே?"

"கொத்தனாரு சேத்துப் பூசிட்டாரு பாப்பா. உள்ளதான் இருக்கு, எங்க போயிரப் போவுது?"

அதிகாரி பொறுமையான மனிதர். அண்ணன் உளியால் பூச்சைப் பெயர்த்து எடுக்கும்வரை வெயிலில் நின்றார். கல் இருந்தது. எழுத்து இல்லை. பழைய கல்லில் பூச்சு பிடிக்க, முதலில் உளியால் கொத்திக் கொத்திப் பொளி போடுவார்கள். அந்தக் கொத்தனாரும் ஒரு விரல் இடம் விடாமல் போட்டிருந்தார். அண்ணன் கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவரைத் திட்டவும் வந்தது, கட்டிக்கொண்டு அழவும் வந்தது.

"இப்ப நான் ரிப்போர்ட்ல என்னத்தம்மா எழுதுறது? எழுத்தோட பழைய போட்டோ எதாச்சும் இருக்கா?"

"இல்லாம என்ன சார்!" என்று போனை எடுத்தேன். வருஷம் தவறாமல் காணும் பொங்கலுக்குக் குடும்பத்தோடு போய்ப் படம் எடுத்திருக்கிறோமே. ஒவ்வொன்றாகத் தள்ளினேன். அண்ணன், அண்ணி, பிள்ளைகள், நான். எல்லாப் படத்திலும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி, கல்லை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.