இருட்டறையில் விற்கும் கண்ணாடி

கோபம் இன்னும் அடங்கவில்லை. உங்களிடம் கொட்டாமல் வேறு யாரிடம் கொட்டுவது?

போன சனிக்கிழமை என் தங்கை செல்வியோடு செம்பூரில் ஒரு கடைக்குப் போனேன். திலக் நகரில் டியூஷன் எடுக்கிறவள். விழித்திரையில் கோளாறு. ஓரங்கள் தெரியும், நேரே பார்த்தால் மங்கல். எழுத்து பிடிபடாது. எதிரே இருப்பதை கேமராவில் பிடித்து, பெரிதாக்கி, கண் முன்னே குட்டித் திரையில் காட்டும் கண்ணாடி வந்திருக்கிறதாம்.

இரண்டு வகை இருந்தன. ஒன்று, தானே ஒளிரும் ஓஎல்இடி திரை வைத்து மூடிய பெட்டி — நீச்சல் கண்ணாடிக்கு அண்ணன் மாதிரி. மற்றது சாதாரண மூக்குக்கண்ணாடி போலவே இருக்கும். காதில் மாட்டும் காம்பில் உள்ள குட்டி புரொஜெக்டர் லென்ஸுக்குள் படத்தை அனுப்பும். படமும் தெரியும், அதைத் தாண்டி உலகமும் தெரியும்.

விற்பனையாளரும் எங்களைப் போலத் தமிழர்தான், பேச்சில் இந்தி கலந்திருந்தது. மூக்குக்கண்ணாடியை எடுத்து நீட்டினார். "இது ஏக்தம் லேட்டஸ்ட் சார்! அது பழைய டப்பா. மேடமுக்கு எவ்ளோ தெரியும் சார்?"

மேடம் பக்கத்தில்தானே நிற்கிறாள்?

"கண்ணுதான் மங்கல். காது நல்லாக் கேக்கும். எங்கிட்டயே கேளுங்க" என்றாள் செல்வி.

லேட்டஸ்டை மாட்டினாள். ஏசி அறை, மங்கிய விளக்கு. சுவரில் இருந்த வரியை முழுசாக வாசித்தாள்.

"வெளிய போய்ப் பாக்கணும்ணே."

"வெளியே அலவ்டு இல்ல சார். பாலிசி."

"இவ இந்த ரூமுக்குள்ளயா குடியிருக்கப் போறா?" நான் கத்தியதில் மேனேஜரே ஓடி வந்து கதவைத் திறந்துவிட்டார்.

நடுப்பகல் வெயில்.

"அண்ணே... படத்தயே காணுமே!"

எப்படித் தெரியும்? லென்ஸுக்குள் பயணம் செய்வதற்குள் புரொஜெக்டர் வெளிச்சத்தில் பெரும்பகுதி செத்துவிடுகிறது. மிச்சம் சூரியனோடு மல்லுக்கட்ட வேண்டும். விற்பவருக்கு இது தெரியாதா? தெரியும். அதனால்தான் பாலிசி!

அடுத்து 'பழைய டப்பா'. வெளி வெளிச்சம் உள்ளே நுழையாது. படம் பளிச்சென்று நின்றது. எதிரே வந்த பஸ்ஸின் போர்டை, "குர்லா ஸ்டேஷன்!" என்று கூவி வாசித்தாள். ரெண்டு அடி நடந்தவள் தடுமாறி என் தோளைப் பிடித்தாள். தலை திரும்பிய பிறகுதான் படம் திரும்புகிறது.

"நடக்கதுக்கு ஆவாது. உக்காந்து பிள்ளைக நோட்டு திருத்த இது போதும்ணே."

அதையே வாங்கினாள். அவள் கண், அவள் முடிவு.

பார்வை குறைந்தவர்களின் ஆசையை வைத்து வியாபாரம் செய்கிறவர்களே, வாசலுக்கு வந்து விற்றால் என்ன?

இருட்டில் காட்டினால் மின்மினிகூட சூரியன்தான்!